எழுத்துக்கும் கல்லுக்கும் நடுவே: எல்லைத் தகராறு எப்படிப் போராகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலை 24 அன்று தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே மூண்ட சண்டை ஐந்து நாள் நீடித்தது. அது தொடங்கியது தா முயென் தொம் என்ற பழைய சிவன் கோயில் பக்கத்தில். பாறையிலேயே இயற்கையாக அமைந்த லிங்கம் உள்ள கோயில் அது. "ஒரு கோயிலுக்காகவா எறிகணை வீசினார்கள்?" என்று இங்கே பலரும் கேட்டார்கள். உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானமும் புவியியலும் படிப்பவர்கள் வேறு பல கேள்விகளும் கேட்பதுண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தப் பக்கம்.

இரண்டு நாடுகளுக்கு எல்லை போட்டாயிற்று என்றால் உண்மையில் என்ன நடந்திருக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் காணி வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். உறுதியில் "வடக்கு ஒழுங்கை, கிழக்கு வாய்க்கால்" என்று எழுதியிருக்கும். அது எழுத்து. பிறகு நில அளவையாளர் வந்து அளந்து கல் போடுவார். அதற்கும் பிறகு பழுதான கதியாலை மாற்றி வேலியை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் வேலி நடக்கத் தொடங்கிவிடும். வருடத்துக்கு அரைச் சாண் போனாலும் இருபது வருடத்தில் கிணற்றடிக்கு வந்துவிடும்.

நாடுகளுக்கும் இதே மூன்று வேலைதான். ஒப்பந்தத்தில் எல்லையை வரையறுப்பது முதலாவது. அதை நிலத்தில் கல் நட்டுக் குறிப்பது இரண்டாவது. நட்டதைப் பேணுவது மூன்றாவது. கீழே வரப்போகும் போர்களில் பலவற்றில் முதல் வேலை ஏதோ ஒரு விதத்தில் முடிந்திருந்தது, இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. எழுத்துக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில்தான் முதல் காவலரண் முளைக்கிறது.

கல் நடுவது அவ்வளவு பெரிய வேலையா?

பெரிய வேலைதான். இரு நாட்டு அளவையாளர்களும் ஒரே குழுவாகப் போக வேண்டும். ஒரே வரைபடத்தை, ஒரே ஆள்கூற்று முறையை ஏற்றுக்கொள்ள வேண்டும். கண்ணிவெடி இருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும். ஒரு கல்லில் நின்றால் அடுத்த கல் தெரிகிற மாதிரி நடுவது நல்ல வழக்கம்; காடும் மலையுமாக இருந்தால் இதற்கே பாதை வெட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம் இட்டு, ஆள்கூறுகளைக் குறித்து, இரு தரப்பும் கையொப்பம் வைக்க வேண்டும்.

பிழைக்கும் இடங்களும் தெரிந்தவைதான். ஒரு தரப்பு வராமல் விடும். இரு தரப்பும் வெவ்வேறு வரைபடத்தோடு வந்து நிற்கும். கல்லை வெள்ளம் கொண்டுபோகும், அல்லது இரவில் யாராவது பிடுங்கி நடுவார்கள். இது நமக்குப் புதிதல்ல.

ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிய பிறகும் எப்படித் தகராறு வருகிறது?

எழுதும்போது தெளிவாகத்தான் தெரியும். நிலத்துக்குப் போனால்தான் எழுத்து தடுமாறும். மூன்று உதாரணங்களைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலாவது, கம்போடிய எல்லையில் உள்ள இன்னொரு சிவன் கோயிலான பிரேயா விகார். டாங்ரெக் மலைத்தொடரில் செங்குத்தான பாறை விளிம்பில் இருக்கிறது. தாய்லாந்துப் பக்கமிருந்து சாய்வாக நடந்து ஏறலாம். கம்போடியப் பக்கம் கிடுகிடு பள்ளம். கம்போடியாவை அப்போது ஆண்ட பிரான்சும் சியாமும் (தாய்லாந்தின் பழைய பெயர்) 1904இல் செய்த ஒப்பந்தம், நீர் பிரியும் மேட்டுக்கோடே எல்லை என்றது. மழை நீர் இந்தப் பக்கம் வழிந்தால் உனக்கு, அந்தப் பக்கம் வழிந்தால் எனக்கு. ஆனால் வரைபடத்தைப் பிரெஞ்சு அதிகாரிகளே வரைந்தார்கள். சியாமே அப்படிக் கேட்டிருந்தது. அந்த வரைபடத்தில் கோடு மேட்டை விட்டு விலகி, கோயிலைக் கம்போடியப் பக்கம் சேர்த்துவிட்டது. சியாம் பல ஆண்டுகளாக ஒரு வார்த்தை மறுக்கவில்லை. 1930இல் சியாம் இளவரசர் தம்ரோங் கோயிலைப் பார்க்கப் போனபோது, பிரெஞ்சு அதிகாரி பிரெஞ்சுக் கொடியோடு நின்று வரவேற்றார். இளவரசர் நன்றி சொல்லித் திரும்பினார். 1962இல் சர்வதேச நீதிமன்றம் 9க்கு 3 என்ற பெரும்பான்மையில் கோயில் கம்போடியாவுக்கே என்றது. அத்தனை காலம் பேசாமல் இருந்தது ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்பது அதன் முக்கிய காரணம். பக்கத்து வீட்டார் உங்கள் வளவுக்குள் வேலி போட்டு, அதன் திறப்பு விழாவுக்கு நீங்களும் போய்ப் பால்ரொட்டி சாப்பிட்டு வந்தால் பிறகு வழக்கில் என்ன சொல்வது?

இரண்டாவது, பெருவும் ஈக்குவடோரும். 1942இன் றியோ ஒப்பந்தம், ஸமோரா, சாந்தியாகோ என்ற இரு ஆறுகளுக்கு இடையிலுள்ள நீர் பிரியும் மேடே எல்லை என்றது. அடர்ந்த காடு, உள்ளே போய் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்கர்கள் வானிலிருந்து படம் எடுத்தபோது, இரண்டு ஆறுகளுக்கும் நடுவே செனெப்பா என்ற மூன்றாவது ஆறு நினைத்ததைவிட வெகுதூரம் நீண்டு கிடந்தது. நடுவில் இன்னொரு ஆறு ஓடினால் மேடு ஒன்றல்ல, இரண்டு. எழுத்தில் இருந்த எல்லை நிலத்தில் இல்லை. ஏறக்குறைய 78 கிலோமீற்றர் கல் நடாமலே விடப்பட்டது. 1981இல் மோதினார்கள், 1995இல் அதே துண்டில் போரே மூண்டது.

மூன்றாவது, காஷ்மீரின் வடக்கிலுள்ள சியாச்சின் பனியாறு. 1949இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போர்நிறுத்தக் கோட்டை எழுதிக்கொண்டு போய், என்.ஜே.9842 என்ற புள்ளியில் நிறுத்தி, "அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை" என்று முடித்துவிட்டார்கள். அங்கே மனிதர் யார் போகப்போகிறார் என்ற எண்ணம். 1972இலும் கோடு அதே புள்ளியில்தான் நின்றது. 1984 ஏப்ரல் 13 அன்று இந்திய இராணுவம் பனியாற்றின் மேலுள்ள கணவாய்களில் ஏறி உட்கார்ந்தது. அங்கே துப்பாக்கிக் குண்டில் செத்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் செத்த படையினர் அதிகம்.

வரைபடத்தில் ஒரு கோடுதானே? அதில் என்ன சண்டை?

கோட்டுக்குத் தடிப்பு உண்டு. அரை மில்லிமீற்றர் பென்சில் கோடு 1:2,00,000 அளவுத்திட்டத்தில் நிலத்தில் 100 மீற்றர் அகலம். 1:50,000 அளவுத்திட்டத்தில் அதுவே 25 மீற்றர். கம்போடியா பிரெஞ்சுக்காரரின் 1:2,00,000 வரைபடத்தைக் காட்டுகிறது, தாய்லாந்து தன் 1:50,000 வரைபடத்தைக் காட்டுகிறது. இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. பிரேயா விகாரைச் சுற்றி மட்டும் இதனால் வந்த வித்தியாசம் 4.6 சதுர கிலோமீற்றர்.

இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே 1914இல் போட்ட மக்மகன் கோடு வரையப்பட்டது ஓர் அங்குலத்துக்கு எட்டு மைல் என்ற வரைபடத்தில். அதில் அரை மில்லிமீற்றர் என்றால் கால் கிலோமீற்றர். மலையில் கால் கிலோமீற்றர் என்பது முகடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்ற கேள்வி.

ஆறு எல்லையானால் சுலபம்தானே? எல்லோருக்கும் தெரிகிற அடையாளம்.

தெரியும், ஆனால் அசையும். இன்று பொதுவாக ஏற்கப்படும் விதி, கப்பல் போகக்கூடிய ஆற்றில் ஆழமான ஓடையின் கோடே எல்லை என்பது. ஆறு மெல்ல மெல்லக் கரையை அரித்து நகர்ந்தால் எல்லையும் கூட நகரும். ஒரே வெள்ளத்தில் பாய்ந்து புதுவழி எடுத்தால் எல்லை பழைய படுக்கையிலேயே நிற்கும். கேட்க நன்றாக இருக்கும். மெல்ல நகர்ந்ததா, பாய்ந்ததா என்று நூறு வருடம் கழித்து யார் சாட்சி சொல்வது? அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையில் றியோ கிராண்டே 1864 வெள்ளத்தில் தடம் மாறியது. சமிசால் என்ற அந்தத் துண்டின் தகராறு 1963இல்தான் தீர்ந்தது. ஆற்றைக் கொங்கிறீற் வாய்க்காலுக்குள் அடைத்துத்தான் தீர்த்தார்கள்.

ஈரான்-ஈராக் எல்லையிலுள்ள ஷாத் அல்-அராப் ஆறு இதைவிட மோசமான பாடம். 1937 ஒப்பந்தம் அபாதான் துறைமுகம் போன்ற சில இடங்கள் தவிர, ஈரான் கரையோரத்தையே எல்லையாக்கியது. ஆறு முழுக்க ஈராக்குக்கு. 1975இல் அல்ஜியர்ஸில் எல்லை ஆற்றின் ஆழ ஓடைக்கு வந்தது. 1980 செப்டெம்பர் 17 அன்று சதாம் ஹுசைன் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றார். ஐந்து நாள் கழித்து ஈராக் படை உள்ளே நுழைந்தது.

அப்படியானால் எல்லைதான் காரணமா, அல்லது அது ஒரு சாட்டா?

ஈராக் விஷயத்தில் பாதிக்குமேல் சாட்டு. புரட்சிக்குப் பின் ஈரான் பலவீனமாகக் கிடக்கிறது என்ற கணக்கு, புரட்சி எல்லை தாண்டி வந்துவிடும் என்ற பயம், எண்ணெய் நிறைந்த ஈரானிய மாகாணமான குசெஸ்தான் மீதான ஆசை எல்லாம் சேர்ந்திருந்தன. எட்டு வருடப் போர் முடிந்தபின், 1990இல் குவைத்தைப் பிடித்த கையோடு, அதே சதாம் 1975இன் கோட்டைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்.

ஆனால் சாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. தீராத எல்லை ஒன்று கையில் இருப்பது, வேறு காரணத்துக்காகப் போர் தொடங்க நினைப்பவருக்கு ஆயத்தமாக வைத்த நெருப்புப்பெட்டி மாதிரி. அது இல்லாவிட்டால் சொந்த மக்களுக்கும் உலகத்துக்கும் சொல்ல வேறு கதை தேட வேண்டியிருக்கும்.

ஒரு காவலரணிலிருந்து போர் வரை போகும் படிகள் என்ன?

வரிசை எப்போதும் ஒன்றாக இராது. முதலில் காகித வேலை: வரி அறவிடுவது, வரைபடம் அச்சிடுவது, குடித்தொகைக் கணக்கெடுப்பு. 1985 டிசம்பரில் புர்க்கினா பாசோ தகராறுள்ள கிராமங்களிலும் ஆட்களைக் கணக்கெடுக்கப் போனது. மாலியோடு ஐந்து நாள் போர் வந்தது. பிறகு ரோந்து, பிறகு கூடாரம், பிறகு மண்மூட்டை அடுக்கிய காவலரண். காவலரணுக்குச் சாப்பாடும் ரவையும் போக வீதி. வீதியைப் பாதுகாக்க இன்னொரு காவலரண்.

1962 இந்திய-சீனப் போரில் இந்தப் படிகள் ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரியும். இரு நாடும் உரிமை கோரிய அக்சாய் சின் மேட்டுநிலத்தில் சீனா 1950களில் வீதி போட்டது. போட்டு முடிந்த பிறகுதான் இந்தியாவுக்கு உறுதியாகத் தெரிந்தது. 1959 அக்டோபரில் கொங்கா கணவாயில் இந்தியப் பொலிஸ் ரோந்துக் குழு சுடப்பட்டது. சடலங்கள் வந்த பிறகு, பேசித் தீர்ப்போம் என்று பாராளுமன்றத்தில் சொல்வது நேருவுக்கே கடினமாகிவிட்டது. 1961 நவம்பரில் முன்னேறிக் காவலரண் போடும் கொள்கை வந்தது. சீனர் சுட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், சிறு சிறு குழுக்களை அவர்களுடைய அரண்களுக்குப் பக்கத்திலும் பின்னாலும் உட்கார்த்தினார்கள்.

கிழக்கே 1962 ஜூனில் தோலா அரண் போடப்பட்டது. வரைபடத்தில் இருந்த மக்மகன் கோட்டுக்கு அது வடக்கே. ஆனால் எல்லை முகட்டில் என்ற கொள்கைப்படி பார்த்தால், தக் லா முகட்டுக்குத் தெற்கே. எழுத்துக்கும் நிலத்துக்கும் இடையிலான அதே இடைவெளி. செப்டெம்பர் 8 அன்று சீனப் படை முகட்டிலிருந்து இறங்கி வந்தது. அரணைக் காக்க ஒரு பிரிகேட் நம்கா சூ ஓடைக்கரைக்கு அனுப்பப்பட்டது. மேலே எதிரி, கீழே பள்ளத்தில் இவர்கள். பலருக்குக் குளிருக்கேற்ற உடுப்பில்லை, சாமான் வானிலிருந்து போடப்பட்டு பாதி பள்ளத்தில் விழுந்தது. பின்வாங்கினால் நிலத்தை விட்டுக்கொடுத்தார் என்ற பேச்சு வரும், நின்றால் அழிவு. அக்டோபர் 20 விடியற்காலையில் தாக்குதல் வந்தது, சில மணி நேரத்தில் பிரிகேட் சிதறியது. நவம்பர் 21 அன்று சீனா தானாகவே சண்டையை நிறுத்திக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது முதல் சாவு. அதுவரை அளவையாளர் கையிலிருந்த விஷயம், பிறகு அரசியல்வாதி கைக்கும் பத்திரிகைத் தலைப்புக்கும் போய்விடுகிறது.

ஒன்றும் விளையாத மண்ணுக்கு இவ்வளவு பேர் சாவதா?

எரித்திரியா-எதியோப்பியா எல்லையிலுள்ள பாத்மே என்ற சிற்றூர் இதற்குப் பேர்போனது. 1998 மே 6 அன்று அங்கே நடந்த சிறு துப்பாக்கிச் சூட்டில் எரித்திரியப் படையினர் சிலர் செத்தார்கள். ஒரு வாரத்துக்குள் எரித்திரியா தாங்கிகளோடு வந்து ஊரைப் பிடித்தது. இரண்டு வருடம் பதுங்குகுழிச் சண்டை. செத்தவர்கள் 70,000 முதல் 1,00,000 வரை என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். எண்ணெயும் இல்லை, தங்கமும் இல்லை.

ஊருக்குப் பின்னால் நின்றவை வேறு. 1997இல் எரித்திரியா நக்ஃபா என்ற சொந்த நாணயம் வெளியிட்டதும் எதியோப்பியாவோடு வணிகம் முறுகியது. எரித்திரியா பிரிந்து போனதால் எதியோப்பியாவுக்குக் கடற்கரை இல்லாமல் போயிருந்தது. ஒரே விடுதலைப் போரில் தோளோடு தோள் நின்ற இரு தலைமைகளும் யார் பெரியவர் என்ற நிலைக்கு வந்திருந்தன. உறவுக்காரர் காணிச் சண்டையில் காணியின் விலை பேசப்படுவதே இல்லை என்பது நமக்குத் தெரியும்.

நீதிமன்றத்துக்குப் போனால் தீராதா?

தீர்ந்ததும் உண்டு, தீராததும் உண்டு. ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் தானாக வழக்கெடுக்காது. இரு நாடுகளும் ஏதோ ஒரு வழியில் சம்மதித்திருக்க வேண்டும். அங்கே பார்ப்பது, முதலில் ஒப்பந்தம். அது இல்லாவிட்டால் குடியேற்ற ஆட்சி விட்டுப்போன நிர்வாக எல்லை. அதுவும் தெளிவில்லாவிட்டால் யார் உண்மையில் ஆண்டார்கள் என்பதற்கான சான்று: வரிப் பற்றுச்சீட்டு, வெளிச்சவீட்டுப் பராமரிப்பு, பொலிஸ் பதிவு போன்றவை. தகராறு வெடித்த பிறகு அவசரமாகக் கொடி ஏற்றினாலும் பள்ளிக்கூடம் கட்டினாலும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அந்த நாளுக்கு முன் என்ன இருந்தது என்பதே கேள்வி.

லிபியாவும் அதன் அயல்நாடான சாட் (Chad) நாடும் அவுசூ என்ற எல்லைத் துண்டுக்காக ஆண்டுக்கணக்கில் போரிட்டன. 1994 பெப்ரவரியில் தீர்ப்பு சாட் நாட்டுக்குச் சாதகமாக வந்தது, மே முடிவதற்குள் லிபியா வெளியேறிவிட்டது. பாத்மேக்கு நியமிக்கப்பட்ட எல்லை ஆணைக்குழு 2002 ஏப்ரலில் ஊர் எரித்திரியாவுக்கு என்றது. தீர்ப்பு இறுதியானது என்று இரு தரப்பும் முன்பே கையொப்பம் வைத்திருந்தும் எதியோப்பியா ஊரை விடவில்லை. கல் நட விடவுமில்லை. கடைசியில் ஆணைக்குழு 2007இல் ஆள்கூறுகளைக் காகிதத்தில் பட்டியலிட்டு, இதையே கல் நட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கலைந்தது. எதியோப்பியா தீர்ப்பை ஏற்பதாகச் சொன்னது 2018இல்.

பிரேயா விகார் தீர்ப்பு இடைநடுவானது. 1962இல் கோயில் யாருக்கு என்று சொன்ன நீதிமன்றம், சுற்றியுள்ள கோட்டை முழுமையாகச் சொல்லவில்லை. 2008இல் யுனெஸ்கோ கோயிலை உலக மரபுச் சொத்தாகப் பதிந்ததும் படைகள் திரும்ப வந்தன.

துப்பாக்கி இல்லாமல் ரோந்து போவது போன்ற ஏற்பாடுகள் பயன் தருமா?

தரும். ஒரு எல்லை வரை. இந்தியாவும் சீனாவும் 1996இல், இரு தரப்பும் நடைமுறையில் ஆளும் பகுதிகளைப் பிரிக்கும் உண்மைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து 2 கிலோமீற்றருக்குள் சுடுவதில்லை என்று ஒப்புக்கொண்டன. இரு ரோந்துகள் எதிர்ப்பட்டால், "இது எங்கள் நிலம், திரும்பிப் போங்கள்" என்று எழுதிய பதாகையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கேலியாகத் தெரியலாம், ஆனால் பல வருடம் உயிர் காத்தது அந்தச் சீலைதான்.

குறை எங்கே என்றால், அந்தக் கோடு எங்கே போகிறது என்று இரு தரப்பும் வரைபடம் மாற்றிக்கொண்டது 2000இல் நடுப்பகுதிக்கு மட்டும். மற்ற இடங்களில் அவரவர் மனதிலுள்ள கோடுவரை ரோந்து போனார்கள். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் ஆணி அடித்த தடிகளாலும் கற்களாலும் அடித்துக்கொண்டதில் 20 இந்தியப் படையினர் இறந்தார்கள். தன் பக்கம் 4 பேர் என்று சீனா பின்னர் சொன்னது. சுடாதே என்ற விதி அன்றும் மீறப்படவில்லை.

கச்சதீவால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போர் வருமா?

இங்கே அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இது எல்லைத் தகராறு அல்ல. எல்லை மீறல் தகராறு. இரண்டும் வேறு. 1974 ஜூனில் பாக்கு நீரிணையிலும், 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும், கடல் எல்லை ஆள்கூறுகளால் எழுதப்பட்டது. கோடு கச்சதீவுக்கு மேற்கே போகிறது. தீவு ஏறக்குறைய 285 ஏக்கர், நம் கணக்கில் 4,560 பரப்பு. கடலில் கல் நட முடியாது, தேவையுமில்லை, ஜி.பி.எஸ். இருந்தால் படகு எங்கே நிற்கிறது என்று ஓட்டிக்குத் தெரியும். கோடு எங்கே என்பதில் இரு அரசுகளுக்கும் கருத்து வேறுபாடில்லை. தீவைத் திரும்பப் பெற வேண்டும் என்பது தமிழ்நாட்டு அரசியலிலும் இந்திய நீதிமன்றங்களிலும் எழும் குரல்.

குழப்பம் 1974இன் ஒரு வாசகத்தில் இருக்கிறது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் தீவுக்கு வரலாம் என்கிறது. மீன்பிடிக்கலாமா என்று எழுதவில்லை. 1976இல் பரிமாறிய கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக்கூடாது என்று சொல்கின்றன. அந்தோனியார் திருநாளுக்கு வருவது ஒன்று, இழுவைமடி போட்டு அடிக்கடலை வாரிக்கொண்டு போவது வேறொன்று. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. குருநகரிலும் வடமராட்சியிலும் வலை அறுபட்டவருக்கு இது வயிற்றுப்பாடு. இராமேஸ்வரத்தில் படகுக் கடன் கட்டுபவருக்கும் அப்படியே. கடற்படையும் கைதும் உயிரிழப்பும் உள்ளதால் இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. ஆனால் எழுத்தில் இடைவெளி இல்லாத எல்லை இது. எங்கள் கணிப்பில், படை நகர்த்திப் போருக்குப் போகும் வகையைச் சேர்ந்ததல்ல.

செய்தி வாசிக்கும்போது எதைக் கவனிக்கலாம்?

அமைச்சரின் சூடான பேச்சைவிட வீதி போடும் செய்தியைக் கவனியுங்கள். கூட்டு எல்லைக் குழுவின் கூட்டம் தள்ளிப்போகிறதா, குளிர்காலத்தில் வெறுமையாக விடும் அரணில் ஆள் நிற்கிறதா (1999இல் கார்கில் தொடங்கியது இப்படித்தான்), எல்லைக் கிராம மக்களை அப்புறப்படுத்துகிறார்களா, இரு தளபதிகளின் நேரடித் தொலைபேசி இன்னும் வேலை செய்கிறதா என்பவை பெரிய அடையாளங்கள்.

போர் வராமல், அல்லது வந்த பிறகாவது, ஒழுங்காக முடிந்த எல்லை உண்டா?

நிறைய உண்டு, செய்தியாவது குறைவு. 1978 டிசம்பரில் சிலி மீது படையெடுக்க ஆர்ஜென்டினாவின் கப்பல்கள் புறப்பட்டே விட்டன. பாப்பரசர் நடுவராக வந்தார், 1984இல் ஒப்பந்தமானது. இந்தியாவும் வங்காளதேசமும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்த 162 நிலத்துண்டுகளை 2015 ஜூலை 31 நள்ளிரவில் மாற்றிக்கொண்டன. 1974இல் எழுதிய ஒப்பந்தம். நிலத்துக்கு வர 41 வருடம்.

பெரு-ஈக்குவடோர் தீர்வு தனி ரகம். 1998 அக்டோபரில் கோடு பெரும்பாலும் பெரு சொன்ன மேட்டு வழியே போனது. ஆனால் ஈக்குவடோர் வீரர்கள் நின்று சண்டையிட்ட திவின்ஸா என்ற இடத்தில் ஒரு சதுர கிலோமீற்றர் ஈக்குவடோருக்குக் கொடுக்கப்பட்டது, தனியார் காணி போல. இறைமை பெருவுக்கு, உறுதி ஈக்குவடோருக்கு. செனெப்பாக் காட்டில் மிச்சமிருந்த கற்களை அடுத்த வருடமே நட்டு முடித்தார்கள்.